பூம் பூமுக்கு ஒரு மரியாதை

ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. வீடு வாங்கியாகிவிட்டது, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, காசிக்குக்கூடப் போய்விட்டு வந்தாகிவிட்டது. நான் எழுதிய நாலு குரல் இசையை நாலு மனுஷர்கள் மூச்சு விட்டு வாசித்து, அதை என் காதால் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இந்த வியாதி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மின்விசிறியால் வந்தது. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பாதிரியார் கல்லூரியில் படித்தேன். மத்தியான வகுப்பு முடிந்து டவுன் பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். கல்லூரியிலேயே நன்றாகச் சுற்றும் மின்விசிறி பாடகர் குழு பழகுகிற அறையில்தான் இருந்தது. காற்று வாங்க உள்ளே போனவனைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். எனக்குக் குரல் கிடையாது, வாயை மட்டும் அசைத்தேன். ஆனால் காது இருந்தது. ஒரு வரிசை மெட்டைப் பாட, இன்னொரு வரிசை வேறு எதையோ பாட, மூன்றாவது வரிசை அதற்கும் கீழே வேறு எதையோ பாட, தனித்தனியாகக் கேட்டால் உளறல், சேர்ந்தால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று வருஷம் வாயை அசைத்துக்கொண்டே அது எப்படி எழுதப்படுகிறது என்று கற்றுக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரிந்தபோது, "கோயில் கோஷ்டியில திருப்பாவை சேவிக்க வாய் வரலை, அங்க போய் என்னத்தைப் பாடறாய்?" என்று கேட்டார். பாடவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அது அவரை இன்னும் குழப்பியது.

அதற்கப்புறம் முப்பது வருஷம் ஆபீஸ். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டரில் நாலு குரலாக எழுதுவேன், அதையே வாசிக்கச் சொல்வேன். கம்ப்யூட்டரின் ட்ரம்பெட் ஷேர் ஆட்டோ ஹாரன் மாதிரி இருக்கும். ட்ராம்போன் என்று அது நினைத்துக்கொண்டிருப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "மிக்ஸியை ஆஃப் பண்ணுங்கோ" என்று மனைவி உள்ளேயிருந்து சொல்வாள்.

இந்த நிலைமையில்தான் ஃபாதரிடமிருந்து போன் வந்தது. அவர் கல்லூரியில் எனக்கு ஒரு வருஷம் இளையவர். அதே பின்வரிசையில் என் பக்கத்தில் நின்று நிஜமாகவே பாடியவர். இப்போது பாலக்கரைப் பக்கம் ஒரு சின்ன சர்ச்சுக்குப் பங்குத்தந்தை.

"அண்ணே, கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம பேண்டு செட்டை வெச்சு ஆறு கேரல் பாட்டு வாசிக்கலாம்னு இருக்கேன். எப்பவும் வாசிக்கிற மாதிரி வேணாம். நாலு குரலா நீங்க எழுதிக் குடுங்க."

போனை வைத்துவிட்டு நான் கூடத்தில் இரண்டு சுற்று நடந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் அழுதால் நன்றாக இருக்காது என்பதால் நடந்தேன்.

ஆறு பாட்டையும் பத்து நாளில் எழுதி முடித்தேன். இப்போது அந்த பேண்டு செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சியில் கல்யாண மாப்பிள்ளை அழைப்பு, சர்ச் சப்பர பவனி, பெரிய மனுஷர் சாவு எல்லாவற்றுக்கும் போகிற செட்டு. ட்ரம்காரர்களை விட்டுவிட்டு ஊதுகிற நாலு பேரை மட்டும் ஃபாதர் எனக்கு அனுப்பினார். முதல் ட்ரம்பெட் மாஸ்டர், செட்டின் தலைவர், சிவப்புக் கோட்டும் தங்கப் பட்டையும் போட்டால் கலெக்டரே எழுந்து நிற்பார் போலிருக்கும். இரண்டாவது ட்ரம்பெட் அவருடைய மச்சான், பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர். குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற ட்ராம்போன், ஒல்லியான ஒரு டெய்லர். நாலாவது யூபோனியம். மடியில் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி கட்டிப் பிடித்து ஊதுகிற பெரிய குழல் அது. அதை ஊதுகிறவர் திருவானைக்காவலில் டீக்கடை வைத்திருந்தார். குழலைவிட அவர் ஒரு சுற்றுப் பெரியவர்.

சர்ச்சில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததால் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் ஒத்திகை வைத்தேன். நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நாலு பேருக்கும் அவரவர் பகுதியைக் கொடுத்தேன். மாஸ்டருக்கு மட்டும் கோடு போட்ட நோட்டேஷன் படிக்கத் தெரியும். மற்றவர்களுக்குச் சரிகமவாகத் தமிழில் எழுதியிருந்தேன்.

யூபோனியக்காரர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல பாட்டு இல்லையே."

"பாட்டு மாஸ்டர் வாசிப்பார். நீங்க அதுக்குக் கீழே வாசிப்பீங்க."

"கீழேன்னா?"

வாயால் வாசித்துக் காட்டினேன். பூம், பூம், பூம்பூம் பூம்.

அவர் குழலைக் கீழே வைத்துவிட்டார். "முப்பது வருஷமா ஊதுறேன் சார். எந்தப் பாட்டு வேணா கேளுங்க, முழுசா வாசிக்கிறேன். நான் என்ன பூம்பூம் மாடா? அன்னிக்கு என் புது மாப்பிள்ளை வர்றாரு. மாமா வாசிப்பாருன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சரி, முதலில் வாசித்துப் பார்க்கலாம் என்றேன். ஆரம்பித்தார்கள். இரண்டு வரி என் எழுத்து இருந்தது. மூன்றாவது வரியில் மச்சான் ட்யூனுக்குத் தாவினார். நாலாவது வரியில் ட்ராம்போன். ஐந்தாவது வரியில் யூபோனியம் எல்லோரையும் மிதித்துக்கொண்டு ட்யூனுக்குள் ஏறியது. நாலு பேரும் ஒரே மெட்டை முழு பலத்தோடு ஊதி முடித்துத் திருப்தியாக என்னைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் காத்திருந்து இதற்குத்தானா?

டெய்லர்தான் பொறுமையாக எனக்கு எடுத்துச் சொன்னார். "நாலு பேரும் ஒரே பாட்டை வாசிச்சாத்தானே சார் ஒத்துமை. ஆளுக்கொன்னு வாசிச்சா கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க? செட்டுக்குள்ள சண்டைன்னு நினைப்பாங்க."

நான் தாள்களை மறுபடி அடுக்கி அவரவர் கையில் கொடுத்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துப் பழக்கமே இல்லை. ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கிறவர்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் தாளம் நொண்டியது. மச்சான் தாங்க முடியாமல் எழுந்து நடந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நாலு பேரும் வரிசையாக நடந்ததும் தாளம் கெட்டியாக உட்கார்ந்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. முடிந்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடியும் சுற்றினார்கள். நாலாவது சுற்றில் நான் மாஸ்டரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கடைசி வரி வந்தா நிக்கணும் மாஸ்டர்."

"மண்டப வாசல் வந்தாத்தான் சார் நிப்போம். பாட்டு பாட்டுக்கு முடியும், நாங்க எப்படி நடுரோட்டுல நிக்கிறது?"

அதற்கு மட்டும் வழி கிடைத்தது. மாடிப்படிக் கதவருகே நான் போய் நின்றுகொண்டு, கடைசி வரியில் இரண்டு கையையும் விரித்தேன். நான்தான் மண்டப வாசல். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். இப்படி இரண்டு தடவை வாசலாக நின்று முடித்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து அடுக்ககச் செயலாளர் வந்தார். ரிடையரான தலைமையாசிரியர். பளிச்சென்று திருமண் இட்டு, சரிகை வேஷ்டியும் கட்டியிருந்தார்.

"மாப்பிள்ளை அழைப்பா? யாராத்துக் கல்யாணம்? எனக்குப் பத்திரிகையே வரலையே" என்றார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். கிறிஸ்மஸ் பாட்டு என்றதும் ஒரு நிமிஷம் யோசித்தார். "பகவத் விஷயம்தானே, நடக்கட்டும். ஆனா ஆறு மணிக்குள்ள முடிச்சுடுங்கோ, சீரியல் கேக்கலைங்கறா" என்று சொல்லிவிட்டு, உடுத்தியது வீணாகக் கூடாது என்று நேரே பெருமாளைச் சேவிக்கக் கோயிலுக்குப் போனார்.

அடுத்த மூன்று ஒத்திகையும் அப்படியே போனது. கெஞ்சினேன், கோபப்பட்டேன், கல்லூரிப் பாடகர் குழுவின் பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு, நாலு பேரும் ட்யூனை ஊதினார்கள். ஒரு நாள் அவர்கள் போனபிறகு சமையலறை வாசலில் உட்கார்ந்து என் மனைவியிடம் புலம்பினேன். அவள் மறுநாளைக்கு அரிந்துகொண்டிருந்த புடலங்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏன்னா, இந்தாத்துல முப்பது வருஷமா பூம் பூம் வாசிச்சிண்டிருக்கறவ நான். அதுல என்ன கஷ்டம்னு என்னைக் கேளுங்கோ. வேலை கஷ்டம் இல்லை. அதை வேலைன்னு யாரும் சொல்லமாட்டா, அதான் கஷ்டம். அவா அத்தனை பெரிய மனுஷா, நீங்க பாட்டுக்குக் கீழே வாசிங்கோ கீழே வாசிங்கோன்னா? அதுதான் ஒசத்தின்னு சொல்லிப் பாருங்கோ."

"அது பொய்யாச்சே."

"நீங்க சொன்ன பொய்யெல்லாம் எண்ணினா இது கணக்கிலேயே வராது" என்றாள்.

மறுநாள் மாலை ஒத்திகைக்கு மாஸ்டர் வரவில்லை, துறையூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மற்ற மூவரையும் தண்ணீர்த் தொட்டியருகே உட்காரவைத்துச் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். வெளிநாட்டில் ட்யூனைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள். ட்யூன் எவனுக்கும் தெரியும், ரோட்டில் போகிறவன்கூடப் பாடிவிடுவான். அனுபவசாலிக்குத்தான் அடிக்குரல். அதுவும் யூபோனியத்துக்கு எழுதுகிறதை ஊரிலேயே மூத்த வித்வானுக்குத்தான் கொடுப்பார்கள். இந்தப் பகுதியெல்லாம் எல்லோருக்கும் வராது, உங்களுக்கு வருமா என்று எனக்கே சந்தேகம்தான், அதனால் கஷ்டமாக இருந்தால் சொல்லிவிடுங்கள், சுலபமான ட்யூனையே கொடுத்துவிடுகிறேன்.

யூபோனியக்காரர் தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"வராதுன்னு யாரு சொன்னா?" என்றார்.

அன்றிலிருந்து நிலைமையே மாறிப்போனது. மூவரும் மாடியில் தனித்தனி மூலை பிடித்துப் பழகினார்கள். மச்சான் ஆட்டோவில் சவாரி இல்லாத நேரமெல்லாம் தன் பகுதியை முனகிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். டெய்லர், "இந்த இடத்துல ஒரு மாத்திரை நிறுத்தி எடுத்தா வெயிட்டா இருக்கும்ல சார்?" என்று எனக்கே யோசனை சொன்னார். யூபோனியக்காரரோ பூம் போடுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு நாள் திருவானைக்காவலில் அவர் கடைக்கு எல்லோருமாகப் போனோம். எப்போதும் மாஸ்டருக்குத்தான் முதல் டீ வைப்பாராம். அன்றைக்கு எனக்கு முதலில் வைத்தார், பிறகு மச்சானுக்கு, பிறகு டெய்லருக்கு, பிறகு தனக்கு. கடைசியில்தான் மாஸ்டருக்கு. "அவருக்கு என்ன, ட்யூன்தானே" என்று டெய்லர் சிரித்தார். மாஸ்டர் டீயை மெதுவாகக் குடித்தார். எனக்கிருந்த சந்தோஷத்தில் எதுவும் உறைக்கவில்லை. அன்று மாடியில் மாஸ்டர் ஊதி, மற்ற மூவரும் அவரவர் இடத்தில் நின்று, ஒரு பாட்டில் பாதி வரைக்கும் என் நாலு குரலும் வந்துவிட்டது. அதற்குள் டெய்லரின் போன் அடித்துவிட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து மாஸ்டர் தனியாக வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றார்.

"சார், எனக்கு ஏன் சார் ட்யூன் எழுதிட்டீங்க?"

"நீங்கதானே மாஸ்டர் தலை."

"அதைத்தான் கேக்கிறேன். சின்னப் பசங்களுக்குக் குடுக்கிறதாம்ல. மச்சான் வீட்ல என் தங்கச்சிகிட்டயே சொல்லிட்டான், அவ என்கிட்ட வந்து சிரிக்கிறா."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அது மச்சான் காதுக்குப் போகும், யூபோனியக்காரர் மறுபடி குழலைக் கீழே வைத்துவிடுவார், என் நாலு குரல் போயிற்று. அந்தப் பயத்தில் மழுப்பினேன். "எல்லாம் சமம்தான் மாஸ்டர், விடுங்க, நாலு நாள்தானே இருக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி கோயிலில் பகல் பத்து உற்சவம் சேவித்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அதே பட்டுப்புடவையோடு என் கூட சர்ச்சுக்குக் கிளம்பினாள். "ரெண்டு இடத்துக்கும் ஒரே புடவை, ரெண்டு சாமியும் அவாளுக்குள்ள பேசிப்பா" என்றாள். சர்ச் நிறையக் கூட்டம். வாசலில் காகித நட்சத்திரங்கள், உள்ளே பீடத்துக்கு இடப்பக்கம் வைக்கோல் போட்ட குடில். அதன் அருகே பேண்டு செட்டுக்கு இடம். மாஸ்டர் சிவப்புக் கோட்டில் வந்திருந்தார். நால்வருக்கும் நடக்க இடமில்லை என்பதால் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து நடப்பது என்று ஏற்பாடு. என் இடம் குடிலுக்குப் பக்கத்தில், பொம்மை ஆடுகளுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில். கடைசி வரி வந்ததும் நான் கையை விரிக்க வேண்டும், ஏனென்றால் நான்தான் மண்டப வாசல். நாலு வரிசை தள்ளி ஒரு புது மாப்பிள்ளை கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். யூபோனியக்காரரின் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

முதல் பாட்டு, குழந்தையைத் தூங்கவைக்கிற மெதுவான பாட்டு. ஃபாதர் தலையசைத்தார். நாலு பேரும் காலை எடுத்து வைத்தார்கள்.

பூம், என்றது யூபோனியம். கண்ணை மூடிக்கொண்டு, அழகாக. ட்ராம்போன் அதன் மேல் வந்து உட்கார்ந்தது. மச்சானின் இரண்டாம் ட்ரம்பெட் சரியாக, எழுதினபடி, ஒரு சுரம் பிசகாமல் வந்தது. அப்புறம் மாஸ்டரைப் பார்த்தேன். அவரும் ஊதிக்கொண்டுதான் இருந்தார். கன்னம் உப்பியிருந்தது. ஆனால் ட்யூன் கேட்கவில்லை.

ஒரு வரி போன பிறகுதான் புரிந்தது. மாஸ்டர் மச்சானுடைய பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார். ஒத்திகையில் காதால் கேட்டே பிடித்திருக்கிறார். மூன்று அடிக்குரலும் கச்சிதமாக இருந்தன. அவை எதற்காக எழுதப்பட்டனவோ அந்தப் பாட்டை யாருமே வாசிக்கவில்லை. நான் சொன்ன பொய் சுற்றிக்கொண்டு வந்து என் தலையிலேயே விழுந்துவிட்டது.

குழம்பு வந்து, ரசம் வந்து, மோர் வந்து, சாதம் மட்டும் வராத பந்தி மாதிரி ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் ஒட்டகத்தைப் பார்த்தேன். பாதியில் கையை விரித்து நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன், கை எழவில்லை. முப்பது வருஷம் காத்திருந்து, நாலில் மூன்று வந்து, கொஞ்சமும் கஷ்டமில்லாத அந்த ஒன்று வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாஸ்டர் மேலே இல்லை, என் மேலே.

மூன்றாவது வரியில், நடுவரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பொறுக்க முடியாமல் பாட ஆரம்பித்தார். பக்தியால் பாடவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தப்பாகக் கோலம் போடுகிறவளை விலக்கிவிட்டுத் தானே குனிகிற முகம் அது. பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள். அந்த வரிசை சேர்ந்தது. ஆண்கள் பக்கம் சேர்ந்தது. அடுத்த அடிக்குள் சர்ச் முழுக்க ட்யூனைப் பாடியது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, ரோட்டில் போகிறவன்கூடப் பாடிவிடுகிற மெட்டு. அதன் கீழே பூம் பூம் என்று யூபோனியம் தாங்கியது, ட்ராம்போன் நடுவில் நின்றது, இரண்டு ட்ரம்பெட்டும் பக்கத்தில் பிடித்துக்கொண்டே போயின.

நாலு குரலும் வந்துவிட்டன. மனுஷ மூச்சில், நான் எழுதினபடியே. கல்லூரியில் மின்விசிறிக்கடியில் வந்த அதே மயிர்க்கூச்செறிப்பு வந்தது. நான் ஆடுகளுக்கு நடுவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். அழுததில் கையை விரிக்க மறந்துவிட்டேன். வாசல் வராததால் அவர்களும் நிற்கவில்லை. ஜனங்கள் மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். மூன்றாவது சுற்றில் என் மனைவி இருந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அதைப் பார்த்துத்தான் செட்டு நின்றது.

மற்ற ஐந்து பாட்டும் இப்படியே போயின. யாரும் ட்யூன் வாசிக்கவில்லை, யாரும் பாடாமல் இல்லை. முடிந்ததும் ஃபாதர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ட்யூனை ஜனங்களுக்கே விட்டுட்டீங்களே, எப்படி அண்ணே தோணுச்சு?" என்று கேட்டார். நான் தும்மினேன். யூபோனியக்காரரின் மாப்பிள்ளை கைபேசியில் பதிவானதை எல்லோருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "மாமா வாசிச்சதுதான் தனியா நல்லாக் கேக்குது பாருங்க" என்றார். யூபோனியக்காரர் குழலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூட்டத்தில் மாஸ்டரைத் தேடினேன், அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லாமல் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில் திருவானைக்காவலுக்குப் போனேன். டீக்கடை பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, யூபோனியக்காரர் பாய்லர் பக்கம் போனதும் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"மாஸ்டர், ட்யூன் சின்னப் பசங்களுக்குன்னு நான் சொன்னது பொய். அப்படி எங்கயும் கிடையாது. உங்களுக்கு ட்யூன் எழுதினது நீங்க பெரியவர்ங்கிறதாலதான்."

"தெரியும் சார்."

"எப்போ தெரியும்?"

"உங்க வீட்டு வாசல்ல நின்னப்பவே. நீங்க என் மூஞ்சியைப் பாத்துப் பேசலையே." அவர் கொஞ்சம் சிரித்தார். "ஆனா அவனுங்க மூணு பேரும் நம்பிட்டானுங்க சார். இத்தனை வருஷத்துல அவனுங்க நிமிந்து நடந்து நான் பாத்ததில்ல. பொய்னு போட்டு உடைக்க மனசு வரல. அதுக்காக நான் மட்டும் கீழ இருக்கவும் மனசு வரல. அதான் மச்சான் பார்ட்டை எடுத்துக்கிட்டேன்."

"ஜனங்க பாடாம இருந்திருந்தா?"

"பாடுவாங்க சார். எல்லா வருஷமும் நாங்க வாசிக்கிறப்ப அவங்க வாய் அசையும், பாத்திருக்கேன். எங்க சத்தத்துல ஒண்ணும் கேக்காது. முப்பது வருஷமா அவங்க முன்னாடி நின்னு ஊதுறேன், அவங்க குரல் எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

எனக்குக் கேட்க வேண்டியிருந்தது நாலு குரல். அந்த மனுஷருக்கும் கேட்க வேண்டியது ஒன்று இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. நான் காத்திருந்த மாதிரி அவரும் எல்லா வருஷமும் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

யூபோனியக்காரர் இரண்டு டீயோடு வந்தார். முதல் டீயை மாஸ்டருக்கு முன்னால் வைத்தார்.